யுத்தச் செலவும் திருச்சபையின் கணக்கும்: பாராமகால் நாட்டிலிருந்து ஒரு நோக்கு

இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில், யூதாவின் கடைசி அரசர்களைக் குறித்த அதிகாரங்களுக்குள், பிரசங்க பீடத்தில் நாம் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. எகிப்தின் பார்வோனாகிய நேகோ, யோவாகாசைச் சிறைப்பிடித்து, அவன் சகோதரனுக்கு யோயாக்கீம் எனப் பெயர் மாற்றி அரியணையில் அமர்த்துகிறான். நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தேசத்தின்மேல் சுமத்தப்படுகின்றன. அதைச் செலுத்துவதற்காக யோயாக்கீம் நிலத்தை மதிப்பீடு செய்து, அவரவர் மதிப்புக்குத் தக்கபடி குடிகளிடம் தண்டுகிறான். ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே வடநாட்டில் மெனாகேம், அசீரிய அரசனாகிய பூலுக்குக் கொடுப்பதற்காக இதையே செய்திருந்தான். ஆயினும் மெனாகேம் கை வைத்தது செல்வந்தரிடம் மட்டுமே. யோயாக்கீமோ எவரையும் விடவில்லை. நூலாசிரியர் இவற்றை ஒரு கணக்கனைப்போல் தொகையும் அளவுமாகக் குறித்துச் செல்கிறார். அந்நியனுடைய படைக்குக் குடியானவன் செலுத்திய வெள்ளி வேதாகமத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை.

நாம் ஊழியஞ்செய்யும் தர்மபுரிச் சீமையின் நவீன வரலாறும் ஒரு நில மதிப்பீட்டில்தான் தொடங்குகிறது என்பது ஈண்டு கருதத்தக்கது. மூன்றாம் மைசூர் யுத்தத்தின் முடிவில், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகால் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒப்புவித்தார். அதை ஆள வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லாய்ட் ஆகியோரும் சிவில் உத்தியோகஸ்தர் அல்லர். யாவரும் படை அதிகாரிகள். நிலத்தை அளந்து, ரயத்துவாரித் தண்டலுக்கு முதல் உருவம் கொடுத்தவர்கள் அவர்களே. மன்றோ தர்மபுரியில் தமக்கிருந்த வீட்டையும் தோட்டத்தையும் குறித்துக் கடிதங்களில் மிக்க அன்போடு எழுதினார். அந்த அன்பை நாம் ஐயுறவில்லை. எனினும் ஏழே ஆண்டுகளில், 1799 மார்ச்சில், ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இராயக்கோட்டை வழியாகவே மைசூருக்குள் புகுந்தது. அளக்கப்பட்ட நிலமும் அணிவகுத்த படையும் ஒரே திட்டத்தின் இரு கைகள். பின்னாளில் ஓசூரையடுத்த மத்திகிரியில் படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்க்கும் நிலையமும் அமைந்தது. அதுவே பிற்காலத்தில் கால்நடைப் பண்ணை ஆயிற்று.

இந்தியக் குடியானவனின் வரி இந்தியாவுக்கு அப்பாற்பட்ட யுத்தங்களுக்குச் செலவான கதை நீண்டது. 1867-68-இல் அபிசீனியாவுக்கு ஒரு படை சென்றது. அந்த யுத்தத்தில் இந்தியாவுக்கு யாதொரு வழக்கும் இல்லை. ஆயினும் சென்ற இந்தியத் துருப்புக்களின் வழக்கமான சம்பளம் இந்திய வருமானத்தின்மேலேயே விழுந்தது. 1882-இல் எகிப்துக்குச் சென்ற படையிலும் இதே நிகழ்ச்சி. 1917-இல், முதல் உலக யுத்தத்தின் நடுவில், பத்துக் கோடிப் பவுன் இந்தியாவின் 'நன்கொடை'யாகப் பிரிட்டனுக்கு அளிக்கப்பட்டது. கொடுத்தவனுடைய சம்மதம் இல்லாத நன்கொடை அது. தாதாபாய் நௌரோஜி முதலானோர் இதனை ஆண்டுதோறும் எடுத்துரைத்தனர்.

இக்கணக்கை முறையாக எழுதும் வேலையில் முன்னின்றவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் என்பதை நம் இறையியல் மாணவர்களில் எத்தனைபேர் அறிவர்? தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, பின்னர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதியைக் குறித்து ஆராய்ந்தார். இந்தியாவின் வறுமைக்கும் அதன் வரவுசெலவுக்கும் உள்ள உறவே அவரது ஆய்வுப்பொருள். அக்கட்டுரைகளைக் காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். 1931-இல், கராச்சிக் காங்கிரசுக்குப் பின், இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையேயுள்ள கடன்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே. டி. ஷா ஆகியோரோடு குமரப்பாவும் அதில் அங்கம் வகித்தார். அந்நிய யுத்தங்களின் செலவு எந்த நியாயத்தால் இந்தியாவின் தலையில் எழுதப்பட்டது என்று அக்குழுவின் அறிக்கை பற்று வரவோடு கேட்டது. கணக்குப்புத்தகத்தைத் திறந்து யுத்தத்தை எதிர்ப்பது நம் நாட்டில் அன்று புதிய காரியம்.

இனி 1939-க்கு வருவோம். செப்டம்பர் 3-ஆம் தேதி, எந்த சட்டசபையையும் கலந்துகொள்ளாமல், வைசிராய் லின்லித்கோ பிரபு இந்தியா யுத்தத்தில் இருப்பதாக அறிவித்தார். அக்டோபர் இறுதியில் சென்னையில் இராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை பதவி துறந்தது. கவர்னரின் நேர் ஆட்சி வந்தது. யுத்தநிதி வசூலும் வந்தது.

அந்நாளில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய தாலுகாக்கள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். யுத்தநிதிக்குப் பணம் கொடுப்பது பெயரளவில் மனமுவந்த காணிக்கைதான். ஆனால் கேட்பவர் தாசில்தாராகவோ ரெவினியூ இன்ஸ்பெக்டராகவோ இருந்து, கொடுப்பவன் பட்டா மாற்றத்துக்குக் காத்திருக்கும் குடியானவனாகவும் இருந்தால், அங்கே மனமுவப்புக்கு என்ன இடம்? இவ்வாறு நெருக்கி வாங்குவதைக் குறித்த முறையீடுகள் நாடெங்கிலுமிருந்து எழுந்தன. காந்தியடிகளும் இதைக் கண்டித்து எழுதினார். சென்னை மாகாணத்தில் திரண்ட பணம் எங்கே சென்றது என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 79, 234, 264 எண்களைக் கொண்ட மூன்று விமானப் பிரிவுகள் 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கின. மழையில்லாத சீமையில் கேழ்வரகு விளைத்தவனுடைய அணாவும் இங்கிலாந்தின் வானத்தில் பறந்த விமானத்தில் கலந்திருக்கக்கூடும்.

இந்த நிலையில்தான் 1940 அக்டோபர் 17-இல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதலில் வினோபா பாவே; அவருக்குப் பின் ஜவாஹர்லால் நேரு. கூட்டமாகச் சென்று மறியல் செய்வதன்று இது. காந்தியடிகளால் ஏற்கப்பட்ட ஒருவர், இன்ன நாளில் இன்ன இடத்தில் பேசப்போகிறேன் என்று மாஜிஸ்திரேட்டுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பார். அவ்விடத்தில் நின்று, பிரிட்டனின் யுத்தத்துக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு, அகிம்சையால் எல்லா யுத்தத்தையும் எதிர்ப்பதே தக்கது என்னும் கருத்தமைந்த ஒரே வாசகத்தைச் சொல்வார். போலீசார் கைதுசெய்வர். கைதுசெய்யாவிட்டால் அவர் அதையே சொல்லிக்கொண்டு அடுத்த கிராமத்துக்கு நடப்பார். 1941-இன் நடுவிற்குள் இவ்வாறு தண்டிக்கப்பட்டோர் நாடெங்கும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டனர். சந்தையின் ஓரத்தில் நின்று ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்காகச் சிறையும் அபராதமும்! சொன்னவர்களுள் பலர் படித்தவரல்லர். ஆளையும் பணத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதே இவ்வாசகத்தின் கூர்மை என்பது எமது கருத்து. கட்டாயப் படைச்சேர்க்கை இல்லாத இந்நாட்டில் ஆள் சேர்ந்தது வறுமையால். அவ்யுத்தத்தில் இந்தியப் படை இருபத்தைந்து இலட்சமாகப் பெருகியது. அவ்வறுமையை வளர்த்ததில் வரிக்கும் பங்கு உண்டு.

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1940 டிசம்பரில் இப்போராட்டத்தில் சிறை சென்றார். இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஏனெனில் இச்சீமையின் மிகப் புகழ்பெற்ற மைந்தர் தாம் முழுமையாக ஒப்பாத ஒரு வாசகத்துக்காகவே சிறைப்பட்டார் என்று கூறுவது மிகையாகாது. அவ்வாண்டு ஜூலையில் காந்தியடிகள் ஆங்கிலேயர் ஒவ்வொருவரையும் விளித்து, ஆயுதங்களைக் கீழே வைத்துவிடும்படி வேண்டுகோள் விடுத்தார். பிரான்ஸ் வீழ்ந்து இங்கிலாந்து தனித்து நின்ற வேளையில் இதனைப் பைத்தியக்காரத்தனம் என்றோர் பலர். அதே நாட்களில் இராஜாஜி நேர் எதிர்த் திசையில் நின்றார். சுதந்திரம் அறிவிக்கப்பட்டு, தேசிய அரசாங்கம் ஒன்று அமையுமானால், இந்தியா யுத்தத்துக்குத் துணைநிற்கலாம் என்பது அவர் முயற்சியால் காங்கிரஸ் ஏற்ற தீர்மானம். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அதன் பின்னரே அவர் சிறை புகுந்தார். ஆகவே, யுத்தத்தை அறவே மறுப்பது ஒன்று, சம்மதம் கேளாமல் யுத்தத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதை மறுப்பது மற்றொன்று. அந்த ஒரே வாசகத்துக்குள் இவ்விரண்டும் குடியிருந்தன. இதை மறைத்து யாவரையும் அகிம்சாவாதிகளாகச் சித்திரிக்கும் நூல்கள் வரலாற்றுக்கு நன்மை செய்வன அல்ல. ஹிட்லரின் கொடுமை கற்பனையன்று என்பதையும், நாசிகளின் சிறையில் மாண்ட போன்ஹோபரின் நூல்களைப் பாடமாகக் கற்பிக்கும் நாம் மறத்தலாகாது. எனினும் ஒரு யுத்தம் நியாயமானதா என்னும் கேள்வி ஒன்று. அதன் செலவைக் கேளாமல் எளியவன் மடியிலிருந்து எடுப்பது நியாயமா என்பது வேறு. முன்னதற்கு விடை எதுவாயினும் பின்னது அப்படியே நிற்கிறது.

திருச்சபை எங்கே நின்றது? இதற்கு விடை கூறுமுன் அதன் அச்சத்தையும் அறிதல் வேண்டும். அந்நியரின் யுத்தம் மிஷன்களை எவ்வாறு சிதைக்கும் என்பதைத் தமிழ்ச் சபைகள் ஒருமுறை கண்டிருந்தன. கிருஷ்ணகிரியில் 1895-இல் மிசௌரி லுத்தரன் மிஷன் பணியைத் தொடங்கிய நேத்தரும் ஜெர்மானியரே. முதல் உலக யுத்தம் மூண்டபோது லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் 'கோல்கொண்டா' என்னும் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன் பின்பு, பிரிட்டிஷ் குடிகளல்லாத மிஷனரிகள் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிந்து நடப்பதாக உறுதிமொழி அளித்தாலன்றி நாட்டில் இருக்க இயலாது என்னும் விதி வந்தது. சபையின் பள்ளிகள் அரசாங்க கிராண்டினால் நடந்தன. ஆசிரியரின் சம்பளம் எந்தக் கஜானாவிலிருந்து வருகிறதோ அதனை நோக்கிக் கணக்குக் கேட்பது எளிதன்று. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, கிறிஸ்தவ ஊழியர் இவ்வன்முறையைக் கண்டு மௌனமாயிருப்பது தகுமா என்று குமரப்பா அறைகூவினார். அப்போது, இந்தியாவின் மெட்ரோபாலிடனாகிய பாஸ் வெஸ்ட்காட் அத்தியட்சர், சட்டமறுப்பு கிறிஸ்துவின் வழிக்கு ஒவ்வாது என மறுமொழி கூறினார். கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் கற்பித்துவந்த எஸ். கே. ஜார்ஜ், காந்தியடிகளின் போராட்டத்தைக் கிறிஸ்தவர் ஆதரிக்கவேண்டுமென எழுதியதன் விளைவாக 1932-இல் ஆசிரியப் பணியைத் துறக்க நேர்ந்தது. அவரும் நம்மைப்போல் ஓர் இறையியல் ஆசிரியர்.

1940-இல் உறுதிமொழியையே கேள்விக்குட்படுத்தியவர்கள் சில அமெரிக்க மிஷனரிகள். இலக்னோவில் மெதடிஸ்டு மிஷனரியாயிருந்த ஜே ஹோம்ஸ் ஸ்மித், அவர் நண்பர் ரால்ப் டெம்ப்ளின் முதலியோர், இந்தியாவை அதன் சம்மதமின்றி யுத்தத்தில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து வைசிராய்க்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். நடுநிலை என்று நாங்கள் கையொப்பமிட்டுத் தந்தது உண்மையில் ஒரு பக்கத்தின் சார்பே என்பது அவர்கள் வாதம். தங்கள் முயற்சிக்குக் 'கிறிஸ்தாக்கிரகம்' என்று பெயரிட்டனர். மிஷன் சங்கமும் அரசாங்கமும் ஒருமித்து நெருக்க, அவர்கள் இந்தியாவை விட்டு வெளியேறினர். ஸ்மித் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் ஆசிரமம் அமைத்து, அங்கே கறுப்பின மக்களின் உரிமைக்காக அகிம்சை முறையைப் பயிற்றுவித்தார். நம் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட விதை அங்கே முளைத்தது. தமிழ்நாட்டில், மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் இருமுறை வெளியேற்றப்பட்டார்: முதலில் 1930-இல், காந்தியடிகளின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டுசென்ற ரெஜினால்டு ரேனால்ட்ஸ் என்னும் குவேக்கருக்கு வீட்டில் இடங்கொடுத்ததற்காக; மீண்டும் 1944-இல். விருந்தோம்பல் குற்றமான காலம் அது. இவர்களெல்லாம் சிலரே. அவர்களைக் கொண்டு சபை முழுவதற்கும் நற்சான்று எழுதிக்கொள்வது முறையன்று.

குமரப்பா தம் கணக்கைத் தொடர்ந்தார். 1939-இன் நிதி ஒப்பந்தப்படி, இந்தியாவில் பிரிட்டன் வாங்கும் யுத்தப் பொருள்களுக்கு இங்கே இந்திய அரசு ரூபாயில் பணம் கொடுக்கும். ஈடாகப் பிரிட்டன் இலண்டனில் ஸ்டெர்லிங்கை வரவு வைக்கும். அந்த ஸ்டெர்லிங் பத்திரங்களைக் காட்டி இங்கே புதிய நோட்டுகள் அச்சாயின. யுத்தம் முடிவதற்குள் நாட்டில் புழங்கிய நோட்டுகள் ஆறு மடங்குக்கும் மேற்பட்டன. தானியமோ பெருகவில்லை. நெல்லும் துணியும் உழைப்பும் கப்பலேறின. குடியானவன் கையில் காகிதம் தங்கியது. 1942-இல் குமரப்பா எழுதிய கட்டுரையின் தலைப்பு, அப்பத்துக்குப் பதிலாகக் கல் என்னும் ஆண்டவரின் உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. தலைப்பிலேயே முழு வாதமும் அடங்கிவிட்டது. வரியென்றால் எதிர்க்கலாம், நன்கொடையென்றால் மறுக்கலாம்; விலைவாசி வழியாக வரும் யுத்தச் செலவை எவன் கண்டு எதிர்ப்பான்? 1943-இன் வங்கப் பஞ்சத்தில் மாண்டவர் சுமார் முப்பது இலட்சம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் மதிப்பு. அவர்கள் யுத்தநிதிப் பட்டியலில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். குமரப்பாவோ அவ்வாண்டுகளில் சிறையிலிருந்தார். இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் குறித்த நூலையும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலையும் அங்கேதான் எழுதினார். முன்னதை நம் வேதாகமக் கல்லூரிகள் பாடநூலாக்கியிருக்கலாம். வாய்ப்பு இன்னும் போய்விடவில்லை.

இந்தக் கேள்வி காலனி ஆட்சியோடு முடிந்துவிட்டதென்று எண்ணுவோர் 2008-ஆம் ஆண்டை நினைவுகூர்வாராக. ஈழத்தில் 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து இலங்கை அரசு 2008 ஜனவரியில் விலகியது. அவ்வாண்டு அக்டோபர் 14-இல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்திற்குள் போர்நிறுத்தம் ஏற்படாவிடில் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவர் எனத் தீர்மானித்தது. அவர்கள் விலகவில்லை. 2009-இன் தொடக்கத்தில் மாணவரும் வழக்கறிஞரும் தெருவில் இறங்கினர். சபைகளும் போர்நிறுத்தத்துக்காக ஜெபித்தன. ஆனால் தெருவிலிருந்தோர் ஜெபத்தோடு நிறுத்தாமல், இந்திய அரசு இலங்கைப் படைக்கு அளித்துவந்த ரேடார் முதலிய உதவிகளை நிறுத்துக என்று கேட்டனர். அதாவது, எங்கள் வரிப்பணம் இக்கொலையில் சேரலாகாது என்றனர். அம்முழக்கம், கட்சி வேறுபாடுகளையெல்லாம் நீக்கிப் பார்த்தால், 1940-இன் சந்தையோரத்து வாசகமே. மே மாதத்தில் யுத்தம் முடிந்தது, போர்நிறுத்தத்தால் அன்று. இன்று காஸாவுக்காகவும் உக்ரைனுக்காகவும் ஞாயிறுதோறும் பொது ஜெபத்தில் சமாதானம் கேட்கும்போது, இந்த இரண்டாம் பாதி நம் நாவில் வருவதில்லை என்பதை நாமும் நம் பங்கில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இராஜாஜியைப் பற்றி இன்னும் ஒன்று. 1940-இல் யுத்தத்துக்கு நிபந்தனையோடு துணைநிற்க ஆயத்தமாயிருந்த அதே மனிதர், 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் மன்றாடினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவர் சென்றதனாலேயே அது நேர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். தொரப்பள்ளி மனிதரின் மனம் இருபது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்தது என்பதையே குறிக்கிறோம்.

இறுதியாக, வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள பழைய சபைகளின் பெட்டகங்களில் நடவடிக்கைப் புத்தகங்களும் காணிக்கைக் கணக்குகளும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் படியெடுத்துவிட்டு மற்றவற்றைத் தூசியோடு மூடிவைப்பது நம் வழக்கம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைவோர், 1914 முதல் 1918 வரைக்கும், 1939 முதல் 1945 வரைக்கும் உள்ள பக்கங்களைத் திறந்து, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை எவ்வளவு, ஏழைகள் நிதி எவ்வளவு, யுத்தநிதிக்கென்று பிரித்து அனுப்பியது எவ்வளவு என்று வரிசையாய் எழுதிக்கொண்டு வரட்டும். குருமார்கள் அவர்களுக்குப் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து உதவுவார்களாக.